புகை பழகிய ஈரல்

பட்டாளத்தான் செத்துப்போனான் என்பதைத்தான் தில்லைநாயகியால் நம்ப முடியவில்லை.

மற்றவர்கள் விஷயம் வேறு. மாப்பிள்ளை எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொள்கிறவன், தலைவலி மாத்திரைக்கே சுருண்டுவிடுவான். ஜமீன்தாருக்கு எதுவும் சட்டென்று ஒத்துக்கொள்ளாது. ஆனால் பட்டாளத்தான் அப்படியில்லை. இந்த ஆய்வகத்துக்கு வந்த எத்தனையோ விஷங்களைக் குடித்துவிட்டு, இன்னும் இருந்தால் கொண்டா என்று கேட்காத குறையாக உட்கார்ந்திருந்தவன். அவனுடைய கண்ணாடித் தகட்டில் தெளிவாக ஓடவேண்டிய திரவம் இன்று காலை வடிகஞ்சி போலக் கலங்கிக் கிடந்தது.

இவர்கள் யாரும் முழு ஆட்கள் இல்லை, ஈரல்கள். மருந்தை மனிதர்கள் மேலும் மிருகங்கள் மேலும் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிறது. அதற்குப் பதிலாக, நல்ல உடம்புக்காரர்களிடம் ஊசியால் துளி ஈரல் எடுத்து, நகக்கண் அளவுத் தகட்டில் வளர்த்து, அதற்கு ரத்தம் போன்ற திரவத்தை ஊட்டி உயிரோடு வைத்திருப்பார்கள். அதற்குச் சில்லு என்று பெயர். மருந்தைச் சில்லு குடித்து உயிரோடு இருந்தால் மருந்து நேராகக் கடைக்குப் போகும். செத்தால் குப்பைக்குப் போகும். ஈரல் கொடுத்தவர் யார் என்பது ரகசியம் என்பதால் துவாக்குடி நச்சுப் பகுப்பாய்வு மையத்தில் எல்லாச் சில்லுக்கும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள்.

"எல்லாமேவாக்கா?" என்று வாசலிலிருந்தே கேட்டாள் நிலோஃபர். அறுபத்தொன்று என்ற மருந்தை வடிவமைத்தவள் அவள்தான். அதற்கு முன் அறுபது மருந்துகளைக் கட்டி, அறுபதையும் தூக்கி எறிந்தவள்.

"எல்லாம்தான்டி."

நிலோஃபர் அழவில்லை. கையிலிருந்த டிபன் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு அதன் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவேண்டிய காரணம் தில்லைநாயகிக்குத்தான் அதிகம் இருந்தது. அறுபத்தொன்று, நுரையீரல் தழும்பேறிப் பாறையாவதை நிறுத்துகிற மருந்து. அவள் கணவர் மாசிலாமணி தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்தவர். பஞ்சு மில், பட்டாசுக் கடை, பழைய டயர்க் கிடங்கு என்று ஊரில் எரிந்ததையெல்லாம் சுவாசித்து முடித்துவிட்டு, இப்போது மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். தினமும் காலையில் கிளம்பும்போது "மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்பாள். "போட்டாச்சு, வேலைதான் செய்யல" என்பார். வேலை செய்கிற மாத்திரை இந்த அறையில்தான் தயாராகிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பு, மருந்தைத் தானாகவே சொட்டுச் சொட்டாக விடும்படி இயந்திரத்தை முடுக்கிவிட்டுப் போனார்கள். அதற்கு முந்தைய எல்லாச் சோதனையிலும் அறுபத்தொன்று நல்ல பிள்ளையாக நடந்துகொண்டிருந்தது. இது கடைசிச் சோதனை. இதில் போய் இப்படி.

தில்லைநாயகி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். மனசு உடைந்தாலும் கை ஓடுகிற சாதி அவள். ஒவ்வொரு ஈரலுக்கும் ஜோடியாக இன்னொரு தகடு உண்டு, அதில் மருந்து விடமாட்டார்கள். அந்த ஜோடிகளெல்லாம் சௌக்கியமாக இருந்தன. ஆக, கொன்றது மருந்துதான். கலங்கிய திரவத்தைப் பகுப்பாய்வுக் கருவியில் ஏற்றினாள். திரையில் அறுபத்தொன்று இருக்கவேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஓரம் நறுக்கப்பட்ட அதன் துண்டுதான் மலைபோல எழுந்து நின்றது. முந்தைய சோதனைகளில் அந்தத் துண்டு இருக்கிறதா இல்லையா என்று கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருந்தது.

மருந்து அதேதான். ஈரல்களும் அதேதான். அப்படியானால் இந்த ஈரல்களுக்கு விடுமுறையில் என்ன ஆயிற்று?

சில்லுகளை வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்து, குனிந்து, ஓரத்து ரப்பர் பட்டையை முகர்ந்து பார்த்தாள்.

சாம்பிராணி.

சில்லு அறைக்குள் பூஜை கூடாது என்பது விதி. தராசு, பிப்பெட், கம்ப்யூட்டர் எல்லாம் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்ளும், சில்லு அறைக்கு மட்டும் பூஜை வராந்தாவோடு நின்றுவிடும். பூஜையன்று எல்லாரும் பொரியும் சுண்டலும் சாப்பிடப் போனபோது தில்லைநாயகி தூபக்காலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சாவி அவளிடம்தான் இருந்தது. இன்குபேட்டர் கதவைத் திறந்து, புகையை உள்ளே மூன்று முறை சுற்றிக் காட்டி, "எப்படியாவது பாஸ் ஆயிடுங்கப்பா" என்று வேண்டிக்கொண்டாள். சரஸ்வதியிடம்கூட இல்லை, சில்லுகளிடம். முப்பது வருஷம் வேதியியல் படித்த பொம்பளை செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான். புருஷன் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பொம்பளை செய்கிற காரியம்.

மறைக்கவெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. நேராக இயக்குநர் கோதண்டபாணி அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

"நீங்களா? நீங்களாம்மா?" என்றார் அவர். அப்புறம் தலையைத் தடவிக்கொண்டார். "நான் நிர்வாகத்துக்கு வந்து கெமிஸ்ட்ரியெல்லாம் மறந்தாச்சு. சாம்பிராணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ஈரலுக்குள்ள நொதின்னு வேலையாட்கள் இருக்காங்க சார். உள்ள வர்ற கண்ட கண்ட சமாச்சாரத்தையும் நறுக்கி வெளிய தள்றது அவங்க வேலை. புகையை நறுக்கறதுக்குன்னு தனியா ஒரு கூட்டம் இருக்கு. புகை வந்தா ஈரல் உஷாராகி அந்தக் கூட்டத்துக்கு நிறைய ஆள் சேர்த்துக்கும். நம்ம மருந்தோட ஒரு ஓரம் அவங்க கண்ணுக்குப் புகை மாதிரியே தெரியுது போல. மொத்தமா நறுக்கிட்டாங்க. அந்தத் துண்டுதான் விஷம்."

"அப்ப புகை இல்லேன்னா?"

"அந்தக் கூட்டமும் இல்ல, துண்டும் இல்ல. மருந்து சமத்தா வேலையைப் பார்த்துட்டுப் போயிடும்."

கோதண்டபாணி நாற்காலியில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். அந்தச் சிரிப்பில் திட்டு, நிம்மதி, அடுத்த மாதம் டெல்லி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குச் சொல்லவேண்டிய பதில் எல்லாம் இருந்தன. "சாமி கும்பிட்டு மருந்தைக் கொல்லப் பார்த்தீங்களே! மறுபடி ஓட்டுங்க. சுத்தமான காத்துல ஓட்டுங்க."

உறைபெட்டியில் சேமித்து வைத்த உயிரணுக்களிலிருந்து பட்டாளத்தான் மறுபிறவி எடுத்தான். மாப்பிள்ளையும் எடுத்தான். வடிகட்டிய காற்றில், யாரும் வேண்டிக்கொள்ளாமல், சோதனை மறுபடி நடந்தது. ஒரு சில்லுகூடச் சாகவில்லை. மாப்பிள்ளையே முறுக்கிக்கொள்ளாமல் இருந்தான். ‘பாதுகாப்பானது’ என்ற சான்றிதழில் நச்சியல் பகுப்பாய்வாளர் என்ற இடத்தில் தில்லைநாயகி கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

அன்று காலை மாசிலாமணியை நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால், கையெழுத்தைப் பிற்பகலில் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

காத்திருக்கும் கூடத்தில் எப்போதும்போல நல்ல கூட்டம். மாசிலாமணிக்கு அங்கே எல்லாரையும் தெரியும். செங்கல் சூளைக்காரர் ஒருவர், கரி மூட்டம் போடுகிறவர் ஒருவர், ஓட்டல் அடுப்படியிலேயே ஆயுள் முழுக்க நின்ற ஒருவர். அவரவர் சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பேச மூச்சிருக்கிறவரை அரசியல் பேசுவார்கள். தில்லைநாயகிக்கு உள்ளுக்குள் பொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான், உங்க எல்லாருக்கும் மருந்து வருது என்று எழுந்து நின்று கத்திவிடலாம் போலிருந்தது.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அஞ்சலை என்று பெயர், முன்பே இரண்டொரு முறை பேசியிருக்கிறாள். உட்கார்ந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த முந்தானையிலிருந்து ஒரு வாசம் வந்தது.

சாம்பிராணி இல்லை, வேறு புகை. ஆனால் புகைதான். துணியில், தலைமுடியில், தோலில் ஏறிப்போன புகை.

"அஞ்சலை, நீ என்ன வேலை பார்க்கற?"

"நெல்லு அவிக்கிறதுக்கா. உமி அடுப்பு. இந்த இளைப்போட எங்க தெனமும் போவ முடியுது. ஆனா போவாட்டி வீட்ல உலை கொதிக்கணுமே."

"வீட்ல என்ன அடுப்பு?"

"வெறகுதான். ஏன்க்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

அவள் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். சூளை, கரி மூட்டம், ஓட்டல் அடுப்பு, உமி. இந்த நோய் புகையால் வருகிற நோய். பெரும்பாலும் புகையில் இருக்கிறவர்களுக்குத்தான் வரும். புகையில் இருக்கிறவர்களின் ஈரலில்தான் அந்த வேலையாட்கள் கூட்டமாக நிற்பார்கள். பாஸ் ஆன சில்லுகளெல்லாம் புகையே படாத, பீடி தொடாத, நல்ல காற்றில் வாழ்கிற மனிதர்கள் கொடுத்தவை. விதி அப்படி, ஆரோக்கியமானவரின் ஈரல்தான் வேண்டும். சுத்தமான ஈரலை, சுத்தமான காற்றில் வைத்துச் சோதித்து, மருந்தைக் கொண்டுபோய் அஞ்சலையிடம் கொடுக்கப்போகிறார்கள். பட்டாளத்தானுக்கு ஆனது அஞ்சலைக்கு ஆகும்.

அவள் செய்த தவறான சோதனைதான் சரியான சோதனை.

கோதண்டபாணி இந்த முறை சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மருந்துச் சீட்டுல ஒரு வரி போட்டுடலாம்மா. ‘புகையைத் தவிர்க்கவும்’னு. புகையை விட்டு விலகி இருந்தா ஈரல் பழையபடி ஆயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

"ஆயிடும் சார். ரெண்டு மூணு வாரத்துல ஆயிடும். அடுப்பை மாத்துன்னு நாம ஒரு வரி எழுதலாம். மாத்து அடுப்பை யார் தர்றது?"

"சட்டம் கேட்ட சோதனையில மருந்து பாஸ். புகைச் சோதனைன்னு ஒண்ணு எந்த விதியிலயும் கிடையாது. நீங்க எழுதிக் கொடுத்தா மருந்து நின்னுடும். ஓரத்தை மாத்திப் புதுசாக் கட்டி, முதல்லேர்ந்து எல்லாச் சோதனையும் பண்ண ஒரு வருஷம் ஆகும்னு நிலோஃபர் சொல்றா. இந்த ஒரு வருஷத்துல, இப்பப் புகையில இல்லாத நோயாளிங்களும் சாவாங்க. இந்த மருந்து அவங்களைக் காப்பாத்தியிருக்கும். அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வீட்ல காத்து வடிகட்டி இருக்கு. மாசிலாமணி சார் ஆஸ்பத்திரிக்குத் தவிர வெளிய போறதே இல்ல. அவருக்கு இந்த மருந்து அப்படியே பொருந்தும். யோசிச்சுப் பாருங்கம்மா. நான் வற்புறுத்தல."

அவர் வற்புறுத்தவில்லைதான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வெயில் இறங்குகிற நேரத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாசிலாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்வது இப்போதெல்லாம் அவருடைய பழக்கம்.

"எனக்கு உசிரோட இருக்கணும்னுதான் ஆசை" என்றார் முதலில். "அதைச் சொல்லிடறேன். நான் பெரிய மனுஷன் மாதிரி பேசப்போறேன்னு நினைச்சுக்காத."

"நானும் அதுக்குத்தானேங்க..." என்று ஆரம்பித்தவள் அழுதாள். அவர் அழவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "பஞ்சு மில் தீயில நடந்தது ஒண்ணு சொல்றேன்" என்றார். "எல்லாரும் வெளிய வந்துட்டாங்கன்னு சொன்னாங்க. வண்டியைத் திருப்பிட்டோம். அப்ப ஒருத்தன் வந்து, உள்ள இன்னும் ஆள் இருக்குன்னான். அவன் சொல்லாம இருந்திருந்தா நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன். என் மேல தப்பே இல்ல. ஆனா அவன் சொல்லிட்டானே. சொன்னப்புறம் எப்படி வண்டியை எடுக்கறது?"

"உள்ள போனீங்களா?"

"போனேன். அதான் இப்படி உக்காந்திருக்கேன்." சிரிக்கப் பார்த்து இருமினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "நீ அந்த அஞ்சலை முந்தானையை மோந்து பார்க்காம இருந்திருக்கலாம். பார்த்துட்டியே."

வெளியே காய்கறி வண்டிக்காரர் குரல் கொடுத்துக்கொண்டு போனார்.

"புதுசாக் கட்டினா, அதைச் சோதிக்கப் புகை பழகின ஈரல் வேணும் இல்ல?" என்றார் மாசிலாமணி.

"எந்த ஈரலுக்கு வேணும்னாலும் புகை காட்டலாங்க. ஆனா வருஷக்கணக்கா புகையில இருந்த ஈரல் என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி ஆளுங்ககிட்ட நாங்க எடுத்ததே இல்ல. விதியில இடமில்ல."

"விதியை உங்க சார் பார்த்துக்கட்டும். என்னோடதை எடுத்துக்க. இந்த ஊர்ல எரிஞ்ச புகை மொத்தமும் பார்த்த ஈரல். உனக்கு வேற எங்க கிடைக்கும்?"

மறுநாள் தில்லைநாயகி சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதில் புகையில் நடந்த சோதனையை, தூபக்கால் உட்பட, நடந்தது நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். கோதண்டபாணி அதை இரண்டு முறை படித்துவிட்டு, பெருமூச்சு விட்டு, டெல்லிக்கு அனுப்பினார். அனுப்பியதோடு நிற்காமல் அவரே போய் வாரக்கணக்கில் வாதாடி, நோயாளிகளிடமே ஈரல் துளி பெறுவதற்கு அனுமதி வாங்கிவந்தார். வாதாட ஆரம்பித்தபின் அவருக்குக் கெமிஸ்ட்ரி எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்று நிலோஃபர் சொல்லிச் சிரித்தாள்.

நிலோஃபர் செய்த மாற்றம் சின்னது. நொதிகள் நறுக்குகிற அந்த ஓரத்தில் ஹைட்ரஜன் அணு ஒன்றை எடுத்துவிட்டு ஃபுளோரின் அணு ஒன்றை வைத்தாள்.

"அவங்க கத்தி அங்க இறங்காதுக்கா. ஃபுளோரின் ஒரு தடவை பிடிச்சா விடாது. ஆனா அதனால மருந்தோட குணமே மாறிட்டா? அதைத்தான் பார்க்கணும்." பார்த்தார்கள். ஒன்று மாறியது, சரிசெய்தார்கள். இன்னொன்று மாறியது, அதையும் சரிசெய்தார்கள். அறுபத்தொன்றின் தம்பிகள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். மழைக்காலம் போனது, பங்குனி வெயில் வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சில்லு அறைக்குள் தூபக்கால் முறைப்படி போயிற்று. இப்போது அது சோதனைக் கருவி. அதற்கென்று ஓர் எண் ஒட்டியிருந்தார்கள். சாம்பிராணிப் புகை, உமிப் புகை, விறகுப் புகை, சூளைப் புகை என்று அளந்து அளந்து உள்ளே விட்டார்கள். "தரச்சான்று பெற்ற உமி" என்று கொள்முதல் பிரிவு கேட்டதற்கு நிலோஃபர் கொடுத்த பதிலை எழுத முடியாது. புதிய மருந்தைச் சொட்டும்படி முடுக்கிவிட்டு எல்லாரும் விடுமுறைக்குக் கிளம்பினார்கள். இந்த முறை தில்லைநாயகி எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

விடுமுறை முடிந்த காலை, அவள்தான் முதலில் கதவைத் திறந்தாள். நிலோஃபர் வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். கோதண்டபாணி அவளுக்குப் பின்னால் நின்றார்.

பட்டாளத்தான் தெளிவு. மாப்பிள்ளை தெளிவு. ஜமீன்தார் வழக்கம்போல அரைமனதாக, ஆனால் தெளிவு. அடுத்த வரிசையில் நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிய ஈரல்கள். அவற்றில் ஒன்று அஞ்சலையுடையது என்பது அவளுக்குத் தெரியும். அஞ்சலையே சொல்லிவிட்டாள், ரகசியம் காக்கிற ஆள் இல்லை அவள். எல்லாம் தெளிவு. நிலோஃபர் வராந்தாவில் உட்கார்ந்து இப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

கடைசித் தகட்டுக்கு யாரும் பட்டப்பெயர் வைத்திருக்கவில்லை. விதி தெரிந்தும் எல்லாரும் அதை மாசிலாமணி சார் என்றே சொன்னார்கள். அவர் ஆனி மாதம் ஒரு காலை, செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அமைதியாகப் போய்விட்டார். பழைய அறுபத்தொன்று கிடைத்திருந்தால், அந்த வடிகட்டிய காற்றில், இன்னும் சில வருஷம் இருந்திருப்பார். அது தில்லைநாயகிக்குத் தெரியும். அதை நினைக்காத ஒரு நாள்கூட அவளுக்கு இல்லை.

தகட்டை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள். மெல்லிய கால்வாயில் திரவம் கண்ணாடி போல ஓடிக்கொண்டிருந்தது. ஊர்ப் புகையெல்லாம் பார்த்த அந்த ஈரல் மருந்தை வாங்கிக்கொண்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை.

பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காத குரலில், தகட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கேட்டாள்.

"மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?"